எலிசபெத் ஸ்டூவர்ட் முதல் முதலாம் ஜார்ஜ் வரை: வம்சக்கொடி வரையும் முறை

இங்கிலாந்து மன்னர் முதலாம் ஜேம்ஸின் மகள் எலிசபெத்தை (1596–1662) தாளின் உச்சியில் எழுதுங்கள். பக்கத்தில் கணவர், பலட்டினேட் என்ற ஜெர்மானியச் சிற்றரசை ஆண்ட ஐந்தாம் பிரெடரிக். முதலாம் எலிசபெத்தோடு குழப்பம் வராதிருக்க 'பொஹீமியா அரசி' என்று சேர்த்துவிடுங்கள். பொஹீமியாவில் (இன்றைய செக் நாட்டுப் பகுதி) அவர்கள் ஆட்சி நீடித்தது ஓராண்டுதான்: 1619 நவம்பரில் பிராகில் முடிசூட்டு, 1620 நவம்பர் 8 அன்று வெண்மலைப் போரில் தோல்வி, பிறகு ஹேக் நகரில் அடைக்கலம்.

பிள்ளைகள் 13 பேர். 1630-இல் பிறந்த சோபியாவைப் பிடித்தால் போதும். 1701-ஆம் ஆண்டின் வாரிசுரிமைச் சட்டம் இங்கிலாந்து அரியணையை அவருக்கும் அவருடைய புராட்டஸ்டன்ட் வழித்தோன்றல்களுக்கும் ஒதுக்கியது. அது ஒதுக்கித் தள்ளிய கத்தோலிக்க உறவினர்களைப் புள்ளிக்கோட்டில் காட்டுங்கள். எலிசபெத்தின் செல்வாக்கு எவ்வளவு தூரம் எட்டியது என்பது அங்கேதான் புலப்படும்.

பலரும் சறுக்குவது தேதியில். இங்கிலாந்தின் பழைய நாட்காட்டி ஐரோப்பியப் புதிய கணக்கைவிட 10 நாள் பின்தங்கியிருந்தது, 1700 மார்ச் முதல் 11 நாள். ஆண்டும் மார்ச் 25-இல்தான் பிறக்கும். ஆகவே 1613 பிப்ரவரி 14-இல் நடந்த எலிசபெத்தின் திருமணம் பழைய ஆவணங்களில் 1612 என்றிருக்கும். சோபியா இறந்தது புதிய கணக்கில் 1714 ஜூன் 8. அப்போது பிரிட்டனை ஆண்டுவந்த அரசி ஆன் இறந்தது பழைய கணக்கில் ஆகஸ்ட் 1. அப்படியே கழித்தால் 54 நாள் வரும், சரியான இடைவெளி 65 நாள். ஆனுக்கு முன்பே இறந்துவிட்டதால் சோபியா முடிசூடவில்லை. அவர் மகன் ஜார்ஜ் சூடினார்.