ஆட்டுப் பூச்சி மருந்து முட்டையை நிறுத்தியதா என்று பார்ப்பது எப்படி?

நுவரெலியா, அட்டன் பக்கம் லயத்தோடு ஆடு வளர்ப்பவர்கள் மருந்து ஊற்றியதும் வேலை முடிந்ததென்று விட்டுவிடக் கூடாது. அல்பெண்டசோல் என்ற மருந்து வயிற்றுப் புழுவோடு முட்டையையும் கெடுக்கும். செல் பிரியத் தேவையான டியூபுலின் புரதத்தை அது பிடித்துக்கொள்வதால் முட்டை வளராமல் நின்றுவிடும். லெவாமிசோல் என்ற இன்னொரு மருந்து புழுவை முடக்கும். வெளியே வந்த முட்டையைத் தொடாது. அதனால் அதைக் கொடுத்தபின் இரண்டு நாள் ஆட்டைக் கொட்டிலிலேயே கட்டி, புழுக்கையை அள்ளிக் குவியுங்கள்.

ஆட்டைத் தராசில் நிறுங்கள். கண்மதிப்பில் அளவு குறைந்தால் மருந்துக்கு அசையாத புழுதான் பெருகும், இதுதான் எங்கும் நடக்கும் தவறு. மிருக வைத்தியர் கிலோவுக்கு 10 மி.கி. அல்பெண்டசோல் என்றால், 2.5 சதவீத மருந்தில் 20 கிலோ ஆட்டுக்கு 8 மி.லி. நாக்கின் பின்பக்கம் மெதுவாக ஊற்றுங்கள். தலையை அண்ணாந்து பிடித்தால் நுரையீரலுக்குள் போய்விடும். சினையான முதல் மாதத்தில் அல்பெண்டசோல் வேண்டாம்.

மருந்து கொடுக்கும் நாளும், 14 நாள் கழித்தும், அதே ஆடுகளின் ஆசனவாயிலிருந்தே புழுக்கை எடுங்கள். தரையில் கிடப்பதில் மண்ணில் தானாக வாழும் நுண்புழுக்களின் முட்டை கலந்திருக்கும். காற்றைப் பிழிந்து பையைக் கட்டி, குளிர்சாதனப் பெட்டியில் உறையாமல் வையுங்கள். வெதுவெதுப்பில் விட்டால் ஒரே நாளில் முட்டை பொரிந்து எண்ணிக்கை பொய்யாகும்.

2 கிராம் புழுக்கையை 28 மி.லி. செறிவான உப்பு நீரில் மசித்து, தேயிலை வடியில் வடித்து, மக்மாஸ்டர் தட்டின் (முட்டை எண்ணும் கோடிட்ட கண்ணாடித் தட்டு) இரு அறையிலும் நிரப்பி, 5 நிமிடம் விட்டு நுண்ணோக்கியில் எண்ணுங்கள். மொத்தத்தை 50 ஆல் பெருக்கினால் கிராமுக்கு எத்தனை முட்டை என்று வரும். 800 இருந்தது 200 ஆனால் குறைவு 75 சதவீதம். குறைவு 95 சதவீதத்துக்குக் கீழே போனால், அளவு சரியாக இருந்தும், அந்த மருந்தின் மீது சந்தேகம் கொள்ளுங்கள்.