போன போகத்துப் பசளை எவ்வளவு காலம் தாங்கும்?

வெள்ளவத்தையில் மொட்டைமாடியில் சாடி வைத்திருந்தாலும் சரி, பிலியந்தலைப் பக்கம் நாலு பாத்தி போட்டிருந்தாலும் சரி, அறுவடை முடிந்தவுடன் மண்ணைக் கொட்டிவிட வேண்டாம். போன போகத்துப் பசளை கொஞ்சம் அதிலேயே மிஞ்சிக் கிடக்கும்.

நைதரசன் நிற்காது, மே மாத மழை ஒரு வாரம் அடித்தாலே கழுவிக்கொண்டு போய்விடும், அதனால் அதை ஒவ்வொரு போகமும் சிறுகச் சிறுகப் பிரித்துப் போடத்தான் வேண்டும். பொசுபரசு அப்படியில்லை. இங்கிலாந்தின் ரொதம்ஸ்டெட் ஆய்வுப் பண்ணையில் 1852 முதல் 1871 வரை மட்டும் தொழுவுரம் போட்ட வயலில், நூறு வருடம் கழித்தும், எதுவுமே போடாத வயலைவிட பார்லி கூடுதலாக விளைந்தது! ஆனால் நம்முடைய சிவப்புக் கபுக் மண் புளிப்பானது, அதிலுள்ள இரும்பும் அலுமினியமும் பொசுபரசைப் பூட்டி வைத்துவிடும். நடுவதற்கு இரண்டு மூன்று கிழமை முன்பே கொஞ்சம் டொலமைற் (புளிப்பைக் குறைக்கும் சுண்ணாம்புக்கல் தூள்) கலந்துவிட்டால் பூட்டு இளகும்.

மிச்சம் இருக்கிறதா என்று பார்க்க, ஒரே மண்ணை இரண்டு சாடியில் நிரப்பி முளைக்கீரை போடுங்கள். ஒன்றுக்கு நைதரசன் மட்டும் தரும் யூரியா, மற்றதுக்கு அதே அளவு நைதரசனோடு பொசுபரசும் பொட்டாசியமும் சேர்ந்த முழுக் கலவைப் பசளை. இரண்டும் ஒரே மாதிரி வளர்ந்தால் இந்தப் போகம் கலவைக்குக் காசு செலவழிக்காதீர்கள். யூரியாச் சாடி பின்தங்கினால் கையிருப்பு தீர்ந்துகொண்டு வருகிறது. அடி இலைகளின் ஓரம் கருகினால் அநேகமாகப் பொட்டாசியம்தான் குறைவு.