பல வருடம் கழித்துத் தூரிகையை எடுக்கும்போது

பிள்ளைகள் வளர்ந்தாயிற்று, பழைய பெட்டியைத் திறந்தால் எண்ணெய் வண்ண டியூப்களின் மூடி இறுகிக் கிடக்கும்; மூடிப்பக்கத்தைச் சில நிமிடம் வெந்நீரில் வைத்தால் பெரும்பாலும் திறந்துவிடும், உள்ளே ரப்பர் மாதிரி ஆகியிருந்தால் தயங்காமல் எறியுங்கள். பெரிய கேன்வாஸ், உருவப்படமெல்லாம் இப்போது வேண்டாம்.

வெள்ளைத் தாளின் மேல் ஒரு முட்டையை வையுங்கள், பக்கவாட்டில் ஒரே ஒரு விளக்கு. அதைத் தீட்ட வெள்ளையும் கறுப்பும் போதும். கண்ணை இடுக்கிப் பாருங்கள், விவரங்கள் மறைந்து ஒளியும் நிழலும் இரண்டு திட்டுகளாகப் பிரியும். நிழலின் அடியில் தாளிலிருந்து ஓர் எதிரொளி ஏறும், அதை எல்லோரும் (நான் இன்னமும்) கூடுதலாக வெளுத்துவிடுகிறோம். வெளிச்சப் பக்கத்தைவிட அது இருண்டே இருக்க வேண்டும்.

அப்புறம் வண்ணம். வெள்ளை, மஞ்சள் காவி, சிவப்பு, கறுப்பு என்ற நாலே நிறங்களில் ஒரு மாதம் ஓட்டுங்கள், கறுப்பில் வெள்ளை கலந்த சாம்பல் சிவப்புக்குப் பக்கத்தில் நீலமாகத் தெரிவதைப் பார்த்தால் அசந்துபோவீர்கள். அடிப்பூச்சில் எண்ணெய் குறைவாக, மேலே போகப்போகக் கூடுதலாக. மாற்றிச் செய்தால் பின்னாளில் வெடிப்பு விடும்.

நேரமா? தினம் 20 நிமிடம் போதும், ஆனால் கலைக்காமல் விட்டுவைக்க வீட்டில் ஒரு மூலையைக் கேட்டு வாங்கிவிடுங்கள், எடுத்து வைக்கும் வேலையிலேயே பாதி ஆசை போய்விடுகிறது.