தை மாதக் கிணற்றுக் கணக்கு: பாறை நிலத்தில் தண்ணீரை அளந்து, பங்கிட்டு, விலை வைக்கும் முறை

திருப்பூர், ஈரோடு, சேலம், தருமபுரி போன்ற பாறைப் பகுதிகளில் கிணற்றுப் பாசனம் செய்யும் 20, 25 குடும்பங்கள் சேர்ந்து செய்ய வேண்டிய கணக்கு இது. ஒருவர் மட்டும் செய்தால் பலன் கிடைக்காது. இங்கே மேலே சில மீட்டர் மக்கிய பாறை, அதற்குக் கீழே கருங்கல். தண்ணீர் இருப்பது மக்கிய பாறையிலும், போர் (ஆழ்துளைக் கிணறு) போடுகிறவர்கள் 'கேப்' என்று சொல்லும் வெடிப்புகளிலும்தான். ஒரே வெடிப்பில் நாலு பேருடைய போர் இறங்கியிருந்தால், அது நாலு வாய் வைத்த ஒரே தொட்டி.

உரிமை யாருக்கு?

1882-ஆம் ஆண்டு இந்திய ஈஸ்மென்ட் (வசதியுரிமை) சட்டத்தின் 7-ஆவது பிரிவுப்படி, வரையறுத்த ஓடையாக ஓடாத நிலத்தடி நீரைத் தன் எல்லைக்குள் எடுத்துக்கொள்ளும் உரிமை நில உரிமையாளருக்கு உண்டு. எவ்வளவு எடுக்கலாம் என்ற வரம்பு அதில் இல்லை. தமிழ்நாட்டில் 2003-இல் கொண்டுவந்த நிலத்தடி நீர்ச் சட்டம் நடைமுறைக்கு வராமலேயே 2013-இல் ரத்தானது. சென்னைப் பெருநகரப் பகுதிக்கு மட்டும் 1987-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. எனவே பக்கத்துக் காட்டுக்காரர் உங்களைவிட 200 அடி ஆழமாகப் போர் போட்டால், அவரைச் சட்டத்தைக் காட்டித் தடுப்பது கடினம். ஊருக்குள் பேசி எழுதிக்கொள்ளும் ஒப்பந்தம்தான் கைகொடுக்கும்.

பங்குக் கிணறாக இருந்தால் முதலில் பத்திரத்தை எடுத்துப் படியுங்கள். கிணற்றில் எத்தனை பங்கு, மோட்டாரில் எத்தனை பங்கு, மின் இணைப்பு யார் பெயரில், வாய்க்கால் எந்த சர்வே எண் வழியாகப் போகிறது, நடந்து போகத் தடம் உண்டா ஆகிய ஐந்தும் எழுத்தில் இருக்க வேண்டும். பெரும்பாலான சண்டை தொடங்குவது கிணற்றுக்குள் பின்னால் இறக்கிய போரில்தான். பத்திரத்தில் 'கிணற்றில் 4-இல் 1 பங்கு' என்று இருக்கும். போருக்குப் பணம் கொடுத்தவர் ஒருவர் மட்டும். அந்தப் போர்த் தண்ணீர் யாருக்கு என்பதைத் தனித்தாளில் எழுதி, பங்காளிகள் எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள். மின் இணைப்பு இறந்துபோன தாத்தா பெயரிலேயே இருந்தால் பெயர் மாற்றத்தை இப்போதே முடியுங்கள். விவசாய இணைப்பில் இறைத்து லாரிக்கு விற்பது, அனுமதித்த பயன்பாட்டை மீறியதாகும். மின்வாரியம் அபராதக் கட்டணம் விதிக்கலாம்.

அளப்பது

வடகிழக்குப் பருவமழைக்கு முன் அக்டோபர் முதல் வாரத்தில் ஒரு முறை, மழை ஓய்ந்து ஜனவரி முதல் வாரத்தில் ஒரு முறை நீர்மட்டம் பார்க்க வேண்டும். முந்தின நாள் மாலையே எல்லா மோட்டாரையும் நிறுத்தி, குறைந்தது 12 மணி நேரம் விட்டு, காலையில் அளக்கலாம். ஒருவர் மட்டும் ரகசியமாக ஓட்டினாலும் சுற்றியுள்ள கிணறுகளின் அளவு பொய்யாகிவிடும். கிணற்று விளிம்பில் பெயின்டால் ஒரு குறி வைத்து, இரண்டு முறையும் அங்கிருந்தே டேப்பை இறக்குங்கள்.

போரில் இது சற்றுச் சிரமம். சப்மெர்சிபிள் மோட்டாரின் கேபிளிலும் கிளாம்பிலும் டேப் சிக்கிக்கொள்ளும். இழுத்து அறுந்தால் உள்ளேயே நின்றுவிடும். அடுத்த முறை மோட்டாரை வெளியே எடுக்கும்போது, டெலிவரி குழாயோடு சேர்த்து அரை அங்குல பிவிசி குழாய் ஒன்றையும் கட்டி இறக்கிவிடுங்கள். அடிமுனையைத் திறந்தே விட வேண்டும். அதற்குள் இரட்டை இழை ஒயரை இறக்கலாம். ஒயரின் நுனியில் இரண்டு இழைகளும் ஒன்றையொன்று தொடாமல் வெறுமையாக இருக்கட்டும். மேல்முனையில் பேட்டரியும் பஸ்ஸரும். நுனி தண்ணீரைத் தொட்டதும் சத்தம் வரும். ஒயரில் மீட்டருக்கு ஒரு துண்டு டேப் ஒட்டி வைத்தால் எண்ணிக்கொள்ளலாம்.

மழைமானிக்கு நேர்ச்சுவர் உள்ள தகர டப்பா போதும். மரமோ கூரையோ எவ்வளவு உயரமோ, அதைப்போல் இரண்டு மடங்காவது தள்ளி வைத்து, தினமும் காலை 8.30 மணிக்கு அளவுகோலால் அளந்து கொட்டிவிடுங்கள்.

இருப்பு எவ்வளவு?

மட்டம் ஏறிய மீட்டரைப் பரப்பால் பெருக்கி, நீர் விடும் விகிதத்தால் பெருக்க வேண்டும். களி கலந்த மக்கிய கிரானைட், நைஸ் பாறைக்கு மத்திய நிலத்தடி நீர் மதிப்பீட்டு முறை பரிந்துரைக்கும் விகிதம் 1.5 சதவீதம், களி குறைந்ததற்கு 3 சதவீதம். பாறை 3 மீட்டர் நனைந்திருப்பதாகத் தெரிந்தாலும், எடுக்கக்கூடிய தண்ணீர் வெறும் 4.5 செ.மீ. என்பதைக் கூட்டத்தில் உரக்கச் சொல்ல வேண்டும்.

100 ஹெக்டேர், அதாவது 247 ஏக்கர் பகுதியை வைத்துப் பார்ப்போம். மட்டம் சராசரியாக 3 மீட்டர் ஏறியிருந்தால், 10,00,000 சதுர மீட்டர் × 3 × 0.015 = 45,000 கன மீட்டர். இன்னொரு வழியிலும் சரிபார்க்கலாம். 500 மி.மீ. மழையில் இதே நிலத்துக்கு 8 சதவீதம் உள்ளே இறங்குவதாகக் கொள்வது வழக்கம்: 40,000 கன மீட்டர். இரண்டும் நெருங்கி வந்தால் குறைந்ததை எடுத்துக்கொள்ளுங்கள். மழைக் கணக்கைவிட மட்டக் கணக்கு மிக அதிகமாக வந்தால், அருகில் குளமோ வாய்க்காலோ கசிகிறதா என்று பாருங்கள். மிகக் குறைவாக வந்தால், மழைக்காலத்திலேயே யாரோ நிறைய இறைத்திருக்கிறார்கள்.

எடுப்பது 70 சதவீதத்துக்குள் இருந்தால்தான் அரசுக் கணக்கிலேயே அது 'பாதுகாப்பான' பகுதி. 40,000-இல் 70 சதவீதம் 28,000. வீட்டுக்கும் மாட்டுக்கும் 3,000 ஒதுக்கினால், பயிருக்கு 25,000 கன மீட்டர். நிலமில்லாதவர்களுக்கு ஊராட்சிப் போர்தான் கதி என்பதால், அதைச் சுற்றிப் புதிய போர் கூடாது என்பதை ஒப்பந்தத்தின் முதல் வரியாக வையுங்கள்.

ஒரு ஏக்கரில் 100 மி.மீ. தண்ணீர் நிற்க 405 கன மீட்டர் வேண்டும். நிலக்கடலைக்கு ஏறத்தாழ 500 மி.மீ., கேழ்வரகுக்கு 350, நெல்லுக்கு 1,200, கரும்புக்கு 2,000. இதன்படி அந்த 25,000 கன மீட்டரில் கடலை 12 ஏக்கர் விளையும். கேழ்வரகு 17 ஏக்கர். நெல் 5 ஏக்கர். கரும்பென்றால் 3 ஏக்கர்தான். 247 ஏக்கரில் இவ்வளவுதானா என்று எல்லோரும் திகைப்பார்கள். போர் 1,000 அடிக்குப் போவதன் காரணம் இந்த எண்ணில்தான் இருக்கிறது.

சொட்டுநீர் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்ப வேண்டாம். ஆவியாகி வீணாவது குறையும், உண்மை. ஆனால் வாய்க்காலில் பாய்ச்சும்போது ஒரு பகுதி மீண்டும் கிணற்றுக்கே இறங்கிக்கொண்டிருந்தது, அதுவும் நின்றுவிடும். மிச்சமான தண்ணீரில் இன்னும் இரண்டு ஏக்கர் சேர்த்து நட்டால், நிலத்தடிக்கு முன்பைவிட நட்டம்தான். மானியத்தில் சொட்டுநீர் போடுகிறவர் பரப்பைக் கூட்டுவதில்லை என்று எழுதித் தரட்டும்.

விலை

மணிக் கணக்கில் தண்ணீர் விற்பதை விட்டுவிடுங்கள். தை மாதத்தில் 200 லிட்டர் டிரம்மை 40 விநாடியில் நிரப்பும் மோட்டார் மணிக்கு 18 கன மீட்டர் தரும். சித்திரையில் அதே டிரம் நிரம்ப 80 விநாடி ஆகலாம். வாங்குபவர் அதே காசுக்குப் பாதித் தண்ணீர் பெறுவார். விளைச்சலில் பங்கு கேட்கும் வழக்கத்திலும் சிக்கனத்துக்கு இடமில்லை. எவ்வளவு பாய்ச்சினாலும் கொடுக்கும் பங்கு ஒன்றுதான்.

மின்சாரம் இலவசம் என்பதால் தண்ணீருக்கும் செலவில்லை என்று தோன்றும். போர், மோட்டார், குழாய் எல்லாம் சேர்த்து 3,00,000 ரூபாய் ஆகி, 10 ஆண்டு உழைத்தால் ஆண்டுக்கு 30,000. மோட்டார் காயில் கட்ட, கேபிள் மாற்ற 10,000. ஆண்டுக்கு 8,000 கன மீட்டர் இறைத்தால், கன மீட்டருக்கு 5 ரூபாய். இவை உதாரணத் தொகைகள். உங்கள் பில்லைப் போட்டுக் கணக்கிடுங்கள். குழாயில் மீட்டர் வைப்பதானால் அதற்கு முன் வடிகட்டியும், குழாய் விட்டத்தைப்போல் 10 மடங்கு நீளத்துக்கு வளைவில்லாத குழாயும் வேண்டும். மணல் புகுந்தால் மீட்டருக்குள் சுழலும் விசிறி நின்றுவிடும். போர் வற்றிக் காற்றை இழுத்தாலோ மீட்டர் காற்றையும் தண்ணீராக எண்ணிவிடும். மீட்டர் இல்லாதவர்கள் 15 நாளுக்கு ஒருமுறை டிரம்மில் அளந்து, ஓடிய மணியால் பெருக்கினால் போதும்.

பங்கீடு

பாதியைக் குடும்பத்துக்கும் பாதியை ஏக்கருக்கும் பிரிப்பதே நியாயம் என்பது எங்கள் கருத்து. 25 குடும்பமென்றால் தலைக்கு 500 கன மீட்டர், அதற்குமேல் ஏக்கருக்கு 50. மூன்று ஏக்கர்காரருக்கு 650, இருபது ஏக்கர்காரருக்கு 1,500. தன் பங்கில் மிஞ்சியதை அடக்க விலைக்குப் பக்கத்துக்காரருக்குத் தரலாம். பகுதிக்கு வெளியே போகக் கூடாது. பங்கை மீறுபவர் இரு மடங்கு விலையைப் பொதுநிதியில் கட்டட்டும். அது தூர் வாரவும், வறண்ட கிணற்றுக்குள் மழைநீர் விடவும் உதவும். அப்படி விடும்போது முதலில் வண்டல் தொட்டி, பிறகு கூழாங்கல், ஜல்லி, மணல் அடுக்கு கட்டாயம். கலங்கல் நீரையும் உரம் கலந்த வயல் நீரையும் நேராகப் போரில் விட்டால் வெடிப்பு அடைபட்டுப் போரே செத்துவிடும்.

பங்கீட்டை நம்பாதவர் இருந்தால் ஒரு சோதனை செய்து காட்டுங்கள். அவருடைய போரை 6 மணி நேரம் ஓட்டி, அடுத்த போரில் மணிக்கு ஒருமுறை மட்டம் அளக்க வேண்டும். அது இறங்கினால் இருவருக்கும் ஒரே வெடிப்பு என்று கண்ணால் பார்த்துக்கொள்வார்.

இந்தக் கணக்கை ஜனவரி 26 கிராம சபையில் படித்து, தீர்மானப் புத்தகத்தில் ஏற்றுங்கள். தனியார் கிணற்றை அது சட்டப்படி கட்டுப்படுத்தாது. ஆனால் மறுநாள் போர் போடும் ரிக் லாரியைக் கூப்பிடுகிறவர் ஊருக்குப் பதில் சொல்லியாக வேண்டும். மார்ச் 22 கிராம சபைக்கு முந்தின வாரம் மீண்டும் அளங்கள். மழையில் ஏறிய மட்டத்தில் பாதிக்குமேல் அதற்குள் இறங்கியிருந்தால், புதிய விதைப்பு எதுவும் வேண்டாம். நிற்கும் பயிரில் எது காய்ப்பருவத்தில் இருக்கிறதோ அதற்கு முதல் தண்ணீர். இளம் கரும்புக்குக் கடைசியில்.