பதக்கத்தின் விளிம்பைப் படிக்காதவர்கள் செய்யும் தவறுகள்

முதல் உலகப் போருக்காகப் பிரிட்டன் வழங்கிய பதக்கங்களைச் சேகரிக்கத் தொடங்குபவர்கள் முகப்பிலுள்ள ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் தலையைப் பார்த்து மயங்கிவிடுகிறார்கள். பார்க்க வேண்டியதோ விளிம்பை. பிரிட்டிஷ் போர்ப் பதக்கம் எனப்படும் 1914–18 வெள்ளிப் பதக்கத்தின் மெல்லிய விளிம்பில் வீரரின் படை எண், பதவி, பெயர், ரெஜிமென்ட் (படைப்பிரிவு) ஆகியவை பொறிக்கப்பட்டிருக்கும். பளபளக்க வேண்டுமென்று பாலிஷ் போட்டுத் தேய்ப்பவர்கள் அழிப்பது இந்த எழுத்துகளைத்தான். வெள்ளி கறுத்திருப்பது குறையன்று. பழைய பெயரை அராவி எடுத்துவிட்டு, விலைபோகக்கூடிய வேறொரு பெயரைப் பொறித்து விற்பவர்களும் உண்டு. அராவிய பதக்கத்தின் விட்டம் சற்றுக் குறைந்திருக்கும் என்பதால், காலிப்பர் என்ற அளவுகருவியால் பல இடங்களில் அளந்து, ஐயமற்ற மற்றொரு பதக்கத்துடன் ஒப்பிட்டுப் பார்த்த பிறகே பணத்தை எடுப்பது நல்லது.

ஆளைத் தேடும்போது பெயரை மட்டும் நம்புவது அடுத்த தவறு. ஜே. ஸ்மித் என்று தேடினால் எத்தனை பேர் வருவார்கள் என்று சொல்லத் தேவையில்லை. எண் மட்டும் இருந்தாலும் போதாது. 1920 வரை தரைப்படை முழுவதற்கும் பொதுவான எண் வரிசை இல்லாததால், ஒரே எண் பல ரெஜிமென்டுகளில் பலருக்கு இருந்தது. பகுதிநேரப் படையான டெரிட்டோரியல் படையினருக்கு 1917-இல் புதிய ஆறு இலக்க எண்கள் தரப்பட்டன. பதக்கத்தில் பழைய எண்ணே இருக்கக்கூடும் என்பதால், பிற்கால ஆவணத்தைப் பார்ப்பவர் ஒருவரையே இருவராக எண்ணிவிடுகிறார். பதவியிலும் இதே குழப்பம் நேரும். 1914–15 நட்சத்திரம் என்ற பதக்கத்தில் வீரர் போர்க்களத்துக்குள் நுழைந்தபோதிருந்த பதவியும், வெள்ளிப் பதக்கத்தில் பின்னர் எட்டிய உயர்ந்த பதவியும் இருக்கக்கூடும். ரெஜிமென்டும் பொதுவாக அவர் கடல் கடந்து முதலில் பணியாற்றியதே; அதை வைத்து அவர் மடிந்த இடத்தை முடிவு செய்யக் கூடாது.

பணிப்பதிவு கிடைக்காவிட்டால் பதக்கம் போலி என்று ஒதுக்கிவிட வேண்டாம். 1940 செப்டம்பரில் லண்டன்மீது விழுந்த குண்டுகளால் போர்த்துறைக் கிடங்கு தீப்பற்றி, சிப்பாய்களின் பதிவுகளில் பாதிக்கு மேல் அழிந்தன. லண்டனில் கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தின் பதக்க அட்டைகளும் (யாருக்கு எந்தப் பதக்கம் என்ற குறிப்புகள்) பட்டாலியன் போர்க்குறிப்பேடுகளும் அந்த இடைவெளியை ஓரளவு நிரப்பும். அதேபோல, வெண்கலத்தில் உள்ள 1914–18 பதக்கமும் போலியன்று. இந்தியத் தொழிலாளர் படையினர் உள்ளிட்டோருக்கு அது வெண்கலத்தில்தான் வழங்கப்பட்டது. வெள்ளி கொடுக்க மனம் வரவில்லை போலும்.

அதே போருக்கான வெற்றிப் பதக்கம் (Victory Medal) மற்ற பதக்கத்தோடு சேர்த்தே தரப்பட்டது; எவருக்கும் தனியாக வழங்கப்பட்டதில்லை. தனியாக விற்பனைக்கு வந்தால் அந்த வீரரின் பதக்கத் தொகுப்பு எங்கோ பிரிக்கப்பட்டிருக்கிறது என்று பொருள். ஒன்றாக வாங்கியதை நீங்களும் பிரிக்காதீர்கள். அதைவிட அடிக்கடி நடக்கும் இழப்பு, பதக்கம் தபாலில் வந்த சிறு அட்டைப் பெட்டியையும் உறையையும் குப்பை என்று வீசிவிடுவது. அந்த உறையில் போருக்குப் பிந்தைய முகவரி இருக்கும். அந்த வீட்டை 1921-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தேடினால், எந்த ஜே. ஸ்மித் என்பது பல வேளைகளில் அங்கேயே தெரிந்துவிடும்.