புக்கித் தீமா: ஏறிய வழியே இறங்காதீர்கள்

சிங்கப்பூரின் ஆக உயரமான குன்று வெறும் 163.63 மீட்டர்தான். டக்ஸ்டனில் இருக்கும் 50 மாடி வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடிக் கட்டடத்தைவிடக் கொஞ்சம் கூடுதல், அவ்வளவே. ஆனால் அதன்மேல் நிற்கும் காடு 1883லிருந்தே காப்புக் காடு. முதல் தடவை போகிறவர்கள் உச்சிக்கு ஓடி, படம் எடுத்து, அதே தார்ச்சாலையில் இறங்கிவிடுகிறார்கள். காட்டைப் பார்ப்பதே இல்லை.

1. வாரநாள் காலை 7 மணிக்குப் போங்கள். சனி, ஞாயிறு என்றால் லிட்டில் இந்தியாவின் தேக்காச் சந்தைக் கூட்டம்தான்.

2. பியூட்டி வேர்ல்டு எம்ஆர்டி ரயில் நிலையத்தில் இறங்கி ஹின்ட்ஹீட் டிரைவ் வழியாக நடந்தால் வருகையாளர் நிலையம் வரும். அங்குள்ள வரைபடத்தைக் கைபேசியில் படம் பிடித்து, உச்சியிலிருந்து காட்டுக்குள் சுற்றித் திரும்பும் பாதை ஒன்றை அங்கேயே முடிவு செய்துவிடுங்கள். மேலே மூச்சு வாங்கும்போது யோசித்தால் தார்ச்சாலைதான் இனிக்கும்.

3. ஒரு லிட்டர் தண்ணீர், வழுக்காத காலணி, கொசு மருந்து போதும். தின்பண்டம் முதுகுப்பைக்குள் இருக்கட்டும். ஒருமுறை வாழைப்பழத்தை பிளாஸ்டிக் பையில் கையில் தொங்கவிட்டுப் போனேன். பை சரசரத்ததும் குரங்கு வந்தது, பையோடு போனது. நாமாகக் கொடுத்தால் அபராதம் வேறு.

4. சாலை ஆரம்பத்திலேயே செங்குத்து. பேசிக்கொண்டே ஏற முடிகிற வேகம்தான் சரியான வேகம்.

5. உச்சியைத் தாண்டிக் காட்டுப்பாதையில் இறங்கியதும் செராயா மரங்களைத் தேடுங்கள். பட்டை முழுக்க மேலிருந்து கீழாக ஆழமான வெடிப்புகள் ஓடும். அண்ணாந்து பார்த்தால் முதல் கிளையே கழுத்து வலிக்கும் உயரத்தில் இருக்கும். சில வருடங்களுக்கு ஒருமுறைதான் இவை கூட்டமாகப் பூக்கும். அப்புறம் இறக்கை முளைத்த காய்கள் பம்பரமாகச் சுழன்று விழும். மூன்று இறக்கை நீளம், இரண்டு குட்டை. கீழே கிடந்தால் ஒன்றை எடுத்துத் தூக்கிப் போட்டுப் பாருங்கள், ஆனால் பைக்குள் போடாதீர்கள். எல்லா மரத்தையும் கட்டிப்பிடிக்கவும் வேண்டாம்: ரெங்காஸ் மரத்தின் பால் பட்டால் தோல் கொப்புளித்துவிடும்.

6. இறங்கும்போதுதான் பலர் விழுகிறார்கள். ஈர வேர்மேல் கால் வைக்காமல், அதைத் தாண்டி மண்ணில் வையுங்கள். இடி கேட்டால் சுற்றை மறந்துவிட்டு, அருகில் உள்ள வழியில் கீழே வந்துவிடுங்கள். மரம் எங்கும் போகாது.