"மிஸ், சாண்டா நிஜமாவே இருக்காரா?": வகுப்பாசிரியர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் ராத்திரி வீடு வீடாக வந்து பிள்ளைகளுக்குப் பரிசு வைப்பதாகச் சொல்லப்படும் தாத்தாதான் சாண்டா. டிசம்பர் பிறந்துவிட்டால் லண்டன், டொராண்டோ போன்ற ஊர்களின் ஆரம்பப் பள்ளிகளில் இந்தக் கேள்வி வராமல் போகாது. கேட்பது பெரும்பாலும் 6 முதல் 8 வயதுப் பிள்ளை. அந்த வயதை ஒட்டி நம்பிக்கை தானாகவே கரையத் தொடங்கும். அதை அவசரப்படுத்துவதும் முட்டுக்கொடுத்து நிறுத்துவதும் ஆசிரியரின் வேலை அல்ல.

"சாண்டா இல்லை" என்று எல்லார் முன்னாலும் போட்டு உடைப்பதுதான் பெரிய தவறு. கேட்பது ஒரு பிள்ளை, பதில் போய்ச் சேர்வது 30 பிள்ளைகளுக்கு. வீட்டார் தங்களுக்குத் தோதான நேரத்தில் சொல்ல வைத்திருந்ததை ஆசிரியர் பறித்துக்கொள்கிறார். பிள்ளையிடம் பொய் சொல்லக் கூடாது என்பது சரியான கொள்கைதான். ஆனால் "இதை வீட்டில் கேள்" என்பது பொய் ஆகாது.

"நானே பார்த்திருக்கேன்" என்று சத்தியம் செய்வதும் அதே அளவு தவறு. ஓரிரு வருடத்தில் குட்டு வெளிப்படும்போது, டீச்சர் சொன்ன மற்றவற்றையும் பிள்ளை சந்தேகிக்கும். 1897-ல் 8 வயது வர்ஜீனியா ஓஹான்லன் கேட்டதற்கு, நியூயார்க்கின் 'சன்' நாளிதழ் சாண்டா இருக்கிறார் என்று தலையங்கமே எழுதியதைச் சிலர் காட்டுவார்கள். அது ஒரு சிறுமி எழுதிக் கேட்ட கடிதத்துக்கு வந்த பதில். 30 வீடுகளின் சார்பில் பேசும் அனுமதி எந்த ஆசிரியருக்கும் இல்லை.

பின் என்ன சொல்வது? முதலில் "நீ என்ன நினைக்கிறே?" என்று திருப்பிக் கேளுங்கள். பதிலிலேயே பிள்ளை எங்கே நிற்கிறது என்று தெரிந்துவிடும். "ஒரே ராத்திரியில் எல்லா வீட்டுக்கும் எப்படிப் போவார்?" என்று கேட்கும் பிள்ளை தானே யோசிக்கத் தொடங்கிவிட்டது, "நல்லா யோசிக்கிறே" என்று பாராட்டுங்கள், விடையை எடுத்துக் கொடுக்காதீர்கள். "இருக்கார்தானே?" என்று கண் கலங்கக் கேட்கும் பிள்ளைக்கு ஆறுதல்தான் வேண்டும். அதன் பக்கத்தில் உட்கார்ந்து, "சில வீட்டில் ஒரு மாதிரி சொல்வாங்க, சில வீட்டில் வேற மாதிரி சொல்வாங்க. அம்மா அப்பாகிட்ட கேட்டுப் பாரு" என்றால் போதும். அன்று மாலையே பெற்றோருக்கு ஒரு வரி தகவல் அனுப்பிவிடுங்கள். தகவல் போகாவிட்டால், அடுத்த கேள்விக்கு அவர்கள் வீட்டில் திணறுவார்கள்.

"அதெல்லாம் சும்மா, அப்பாதான் வைக்கிறார்" என்று ஒரு பிள்ளை கத்திவிடுவதும் உண்டு. அதைத் திட்டாதீர்கள், அது சொன்னது உண்மை. பெரும்பாலும் சாண்டா வராத இந்து, முஸ்லிம், யூதக் குடும்பத்துப் பிள்ளைதான் அப்படி மாட்டிக்கொள்ளும், நம் தமிழ்ப் பிள்ளைகளும் அதில் அடக்கம். "ஒவ்வொரு வீட்டுக்கும் ஒவ்வொரு வழக்கம்" என்று சொல்லிவிட்டு உடனே பாடத்துக்குத் திரும்புங்கள். பிறகு தனியே அழைத்து, "மத்தவங்க வீட்டு ஆச்சரியத்தை நாம உடைக்க வேண்டாம்" என்று கேட்டுக்கொள்ளலாம். நம்புவதுபோல் நடிக்கச் சொல்லக் கூடாது.

பலர் தவறென்றே நினைக்காத ஒன்று உண்டு: "சேட்டை பண்ணினா சாண்டா பரிசு தர மாட்டார்" என்ற மிரட்டல். என்ன பரிசு வரும் என்பது பெற்றோரின் பண வசதியைப் பொறுத்தது. ஒழுங்காக நடந்த ஏழைப் பிள்ளைக்குப் பென்சில் பெட்டியும், சேட்டை செய்த பிள்ளைக்கு டேப்லெட்டும் வரும்போது, முதல் பிள்ளை தன்னிடம்தான் குறை என்று முடிவுகட்டிவிடும். இது நம்பிக்கை உடைவதைவிட ஆழமான காயம். சாண்டாவுக்குக் கடிதம் எழுதும் பயிற்சி நல்லதுதான். கனடா அஞ்சல் துறை அதற்கென்றே ஒரு அஞ்சல் குறியீடு வைத்திருக்கிறது. ஆனால் ஆசைப் பட்டியலை வகுப்பில் உரக்க வாசிக்க வைக்காதீர்கள். ஜனவரியில் பள்ளி திறந்ததும் "சாண்டா என்ன கொடுத்தார்?" என்று கேட்பதற்குப் பதில் "லீவில் யாரைப் பார்த்தே, என்ன சாப்பிட்டே?" என்று கேளுங்கள்.

4-ஆம் நூற்றாண்டில், இன்றைய துருக்கியிலுள்ள மைராவில் ஆயராக இருந்த, சாண்டா கதைக்கு மூலமான புனித நிக்கோலஸின் கதையைச் சிறு வகுப்பில் சொல்லும் முன் யோசியுங்கள். "அப்போ அவர் செத்துட்டாரா?" என்பதுதான் அடுத்த கேள்வியாக வரும். 9 வயதுக்கு மேல் அந்தப் பாடம் நன்றாகப் பிடிபடும்.

நெதர்லாந்துப் பள்ளிகளின் வழக்கம் எனக்குப் பிடித்தமானது. டிசம்பர் 5-ஐ ஒட்டி, சிறு வகுப்பினர் சாண்டாவைப் போலவே அங்கே பரிசு கொண்டுவரும் சின்டர்க்ளாஸிடம் பரிசு வாங்குகிறார்கள். விஷயம் தெரிந்துவிட்ட மேல்வகுப்பினர் சீட்டுக் குலுக்கி ஒருவர் பெயரை எடுத்து, கையால் செய்த பொருளுக்குள் சிறு பரிசை ஒளித்து, இயைபோடு ஒரு பாட்டும் எழுதி வைக்கிறார்கள். கொடுத்தவர் பெயராக அவர்கள் போடுவது சின்டர்க்ளாஸ்.